ஏரிக்கு வராத இடிபாடு

மூன்று வருடங்களாக மூலப்பாக்கம் ஏரிக்கு ஒரு செங்கல்கூட வரவில்லை.

ஏரிக்கரையிலிருந்த வாசிப்பு நிலையத்தில் வேலை பார்த்தது சுகிர்தா மட்டும்தான். நாற்பத்தாறு வயது. காலை ஒன்பது மணிக்கு வந்து பூட்டைத் திறப்பாள். கரையைச் சுற்றி நட்டிருந்த பதினெட்டுக் கம்பங்களும் வேலை செய்கின்றனவா என்று திரையில் பார்ப்பாள். நாளேட்டில் 'இடிபாடு: இல்லை' என்று எழுதுவாள். அதற்கு மேல் மாலை ஐந்துவரை அவளுக்குச் செய்ய எதுவும் கிடையாது. ஒருகாலத்தில் ஒன்பது பேர் இருந்த அலுவலகம். ஒவ்வொருவராக மாற்றலாகிப் போனபின் அவர்களுடைய நாற்காலிகள் மட்டும் தங்கிவிட்டன. சில நாட்கள் மாலையில் கடைக்காரரிடம் தோசைமாவு கேட்கும்போது தொண்டை கரகரக்கும். அன்று அவள் பேசிய முதல் சொல்லே அதுவாக இருக்கும்.

கட்டடக் கழிவை ஏரியில் கொட்டுவது இந்த நகரத்தின் பழைய வழக்கம். இடித்த சுவரை லாரியில் ஏற்றி, ஆள் நடமாட்டமில்லாத நீர்நிலையாகப் பார்த்துச் சாய்த்துவிட்டுப் போவார்கள். யாருடையது என்று கேட்டால் சொல்லக் கல்லுக்கு வாயா இருக்கிறது? 2049-இல் வந்த சட்டத்தால் கல்லுக்கு வாய் வந்தது. சிமெண்ட், செங்கல், ஓடு, ஜிப்சம் பலகை என்று எல்லாவற்றிலும் ஆலையிலேயே கண்ணுக்குத் தெரியாத சில்லுகளைக் கலந்தார்கள். விதை என்று பெயர் வைத்தார்கள். பொருள் வேலைத்தளத்தின் வாசலைத் தாண்டும்போது அந்தக் கட்டடத்தின் எண் விதையில் பதிந்துவிடும். பிறகு எந்தக் காலத்தில் உடைந்து எங்கே கிடந்தாலும், வானொலி அலை ஒன்றை அனுப்பினால் போதும், தன் எண்ணைச் சொல்லும்.

ஒரு கட்டடத்தின் இடிபாடு அரை டன் ஏரிக்குள் விழுந்தால் கம்பங்கள் தாமாகவே பதிவு செய்யும். ஒரு மணி நேரத்தில், அந்த எண்ணுக்குரிய மனையில் இப்போது நிற்கும் கட்டடத்தின் குடியிருப்புச் சான்று முடங்கும். அடித்தளம்வரை தோண்டிக் கணக்கெடுத்து முடிக்கும்வரை அங்கே ஒருவரும் இருக்கக் கூடாது. இருப்பவர்களை அரசே வேறிடம் மாற்றவேண்டும். இதில் எந்த அதிகாரியின் கையெழுத்துக்கும் இடமில்லை. கையெழுத்து இருந்தால் அதை யாராவது வாங்கிவிடுவார்கள் என்று தெரிந்தே அப்படி வைத்தார்கள். விதிகளை எழுதிய ஐவர் குழுவில் சுகிர்தாவும் ஒருத்தி. அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது.

அந்த ஜூன் மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. சட்டம் முழு வெற்றி பெற்றுவிட்டதால் நிலையம் மாத இறுதி வெள்ளிக்கிழமையோடு மூடப்படும்; கம்பங்கள் பிடுங்கப்படும்; அவளுக்குப் பாராட்டுகள். அவள் அதை இரண்டு முறை படித்தாள். ஜன்னலுக்கு வெளியே ஏரிக்கு அப்பால் கிரேன்கள் தெரிந்தன. எண்ணிப் பார்த்தாள், இருபத்திமூன்று. இத்தனை கட்டடம் எழும்பும் ஊரில் இடிபாடு எங்கே போகிறது? இரண்டு வருடமாக இதைக் கேட்டு அவள் எழுதிய குறிப்புகளுக்குப் பதில் வந்ததில்லை. அரசு உரிமம் பெற்ற ஒரே கழிவுக் கூடம் அறுபது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அங்கே வந்து சேர்ந்த எடை, இந்தக் கிரேன்களில் நாலைந்துக்குக்கூடக் காணாது.

கடிதம் வந்த மூன்றாம் நாள், பிற்பகல், ஒரு பெண் கதவைத் தட்டினாள்.

"கல்லு படிக்கிற மேடம் நீங்கதானா?"

"ஆமா. வாங்க, உக்காருங்க."

அந்தப் பெண் உட்காரவில்லை. பெயர் தனக்கோடி என்றாள். வேம்புலி அடுக்ககத்தில் தரைத்தளத்தில் குடியிருக்கிறாள். ஆற்றோரக் குடிசைகளை அகற்றியபோது அங்கிருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களுக்கென்று கட்டிய இருபத்திரண்டு மாடி. கட்டி முடியும்வரை ஏழு வருடம் எல்லோரும் தகரக் கொட்டகையில் கிடந்தார்கள். குடிவந்து பதினான்கு மாதம் ஆகிறது.

தனக்கோடி முந்தானை முடிச்சை அவிழ்த்து மேஜையில் ஒரு ஜோடிக் கொலுசை வைத்தாள். அடுப்புக்கரி மாதிரி கறுத்துக் கிடந்தது.

"வெள்ளி மேடம். சுத்த வெள்ளி. எனக்கு மட்டும் இல்ல, கீழ் வீட்டுப் பொம்பளைங்க எல்லாருக்கும் இப்பிடித்தான். உடம்புச் சூடுன்றாங்க. இருபது பேருக்கும் ஒண்ணா சூடு புடிக்குமா?"

"நாத்தம் ஏதாவது வருதா?"

"அழுவுன முட்ட மாதிரி. சொன்னா சாக்கடைன்றாங்க." அவள் ஒரு கொலுசைக் கையில் எடுத்துக்கொண்டாள். "எங்க வூட்டுக்காரு ஏகாம்பரம். அங்கயே மோட்டார் போடுற வேல. தெனம் கீழ பம்ப் ரூமுக்கு எறங்குவாரு. தெனம் நாத்தத்தத் திட்டினே வருவாரு. மாசி மாசம் ஒருநாள் கீழேர்ந்து போன் போட்டாரு. 'தனம், இன்னிக்கு நாத்தமே இல்லடி, சரியாப் பூடுச்சி'ன்னாரு. அவ்ளோதான். நெஞ்சு வலின்னு எழுதிக் குடுத்தாங்க."

கறுத்த வெள்ளி, அழுகிய முட்டை நாற்றம்: ஹைட்ரஜன் சல்பைடு. அந்த வாயுவைப் பற்றிச் சுகிர்தா படித்திருந்தாள். கொஞ்சமாக இருக்கும்வரைதான் மூக்குக்கு அது தெரியும். அளவு மிஞ்சினால் மூக்கு முதலில் செத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதாகத் தோன்றும்.

"என்ன பண்ணணும்னு சொல்றீங்க தனக்கோடி?"

"ஒண்ணும் பண்ண வேணாம் மேடம். ஒருவாட்டி வந்து மோந்து பாருங்க. அது போதும். நான் பைத்தியம் இல்லன்னு எனக்குத் தெரியணும்."

மறுநாள் காலை சுகிர்தா போனாள். தரைத்தளத்தில் ஒரு பால்வாடி இருந்தது. நாற்பது குழந்தைகள் பாயில் உட்கார்ந்து சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். பால்வாடிக்கு நேர் கீழே வண்டி நிறுத்தும் தளம். அதன் மூலையில் பம்ப் அறை. வாயுமானி அறை வாசலிலேயே கத்தத் தொடங்கியது. காற்றாடிகளை முழுவேகத்தில் ஓடவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து முகமூடியோடு உள்ளே போனாள். தரையோரம் சுவரில் ஒரு விரிசல். ஈரம் கசிந்து மஞ்சளாகப் படிந்திருந்தது.

விதையின் எண்ணை வாசிக்கும் கைக்கருவியான படிப்பானைச் சுவரை நோக்கிப் பிடித்தாள். எதிர்பார்த்தபடியே அது தடுமாறியது. நிற்பதே ஒரு கட்டடத்துக்குள். எல்லாப் பக்கமிருந்தும் அதே எண்தான் வரும். அப்போது அவளுக்கு ஒன்று தோன்றியது. இந்த மனையில் இதற்குமுன் என்ன இருந்தது? அலுவலகக் கோப்பைத் திறந்து பார்த்தாள். நாலு மாடி அரசு ஊழியர் குடியிருப்பு. சட்டம் வந்த புதிதில் விதை கலந்து கட்டி, ஐந்தே வருடத்தில் விரிசல் விட்டு, இடித்தது. அதன் எண்ணை மட்டும் தேடச் சொல்லிப் படிப்பானுக்குக் கட்டளை கொடுத்தாள். இடித்து எடுத்துப்போன கட்டடம். ஒரு குரல்கூட வரக் கூடாது.

திரை ஒரே வெள்ளையாக நிறைந்தது. சுவருக்கு அந்தப் பக்கமும், தரைக்கு அடியிலும், எங்கு திருப்பினாலும் அந்தப் பழைய எண். ஆயிரக்கணக்கான டன். வரைபடத்தில் ஒரு நிலவறைத் தளம்தான் காட்டியிருந்தது. ஆனால் அதற்குக் கீழே இன்னொன்று தோண்டி, இடித்ததையெல்லாம் அதற்குள் போட்டு மூடியிருந்தார்கள். நாலு மாடியின் கான்கிரீட்டோடு ஜிப்சம் பலகையும் அட்டையும் மரமும் சேர்ந்து நிலத்தடி நீரில் ஊறி அந்த வாயுவைக் கிளப்பிக்கொண்டிருந்தன.

வெளியே வந்து முகமூடியைக் கழற்றினாள். படியில் தனக்கோடி காத்திருந்தாள்.

"உங்களுக்குப் பைத்தியம் இல்ல," என்றாள் சுகிர்தா.

தனக்கோடி தலையாட்டினாள். பிறகு படியிலேயே உட்கார்ந்து, புருஷன் செத்த நாலு மாதத்தில் முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள். சுகிர்தா அவளருகில் நின்றுகொண்டே இருந்தாள். தோளில் கை வைக்கலாமா என்று யோசித்தாள். யாரையும் தொட்டுப் பல நாள் ஆகியிருந்ததால் அந்தக் கை மேலே எழவில்லை.

வேம்புலி அடுக்ககம் 'கழிவில்லாக் கட்டுமானம்' என்று விருது வாங்கிய கட்டடம். அதன் கழிவு மேற்பார்வையாளர் பெயர் ஆவணத்தில் இருந்தது: மகுடேஸ்வரன். இப்போது நகரத்தின் மறுமுனையில் வேறொரு தளத்தில் அதே வேலை பார்த்தார். சுகிர்தா தேடிப் போனபோது மஞ்சள் தொப்பியோடு தனியாக நின்று, கலந்து கிடந்த குவியலிலிருந்து கம்பிகளைக் கையால் பிரித்துக்கொண்டிருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. அவளுடைய அடையாள அட்டையைப் பார்த்ததும் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டார்.

"வேம்புலிங்களா?" என்றார், அவள் கேட்பதற்கு முன்பே.

"ஆமா."

"யாராச்சும் வருவாங்கன்னு ரெண்டு வருசமாப் பாத்துட்டே இருந்தனுங்க."

அவர் மறுக்கவில்லை. அதுதான் அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"நீங்களே தெரிஞ்சு செஞ்சீங்களா? சின்னப் பிள்ளைங்க தூங்குற இடத்துக்கு அடியில?"

"பால்வாடி வரும்னு அப்பத் தெரியாதுங்க. மத்ததெல்லாம் தெரியுமுங்க." அவர் ஒரு சிமெண்ட் மூட்டையை நகர்த்தி அவளுக்கு இடம் செய்து கொடுத்தார். அவள் உட்காரவில்லை. "மேடம், அந்த மனைய நீங்க பாத்தீங்கல்ல? சுத்துச்சுவருக்கும் கட்டடத்துக்கும் நடுவால மூணடிதான் சந்து. விதியில என்ன போட்டிருக்கு? அஞ்சு வகையாப் பிரிச்சு அஞ்சு பெட்டியில வெக்கோணும். ஒரு பெட்டி எட்டடி அகலமுங்க. எங்க வெக்கறது? ரோட்டுல வெச்சா போலீஸ். லாரிக்கு ராத்திரி நாலு மணி நேரம்தான் அனுமதி. கூடத்துக்குப் போயிச் சேர்றதுக்குள்ள கதவச் சாத்திருவாங்க. தொறந்திருந்தாலும், கான்கிரீட்டுல ஒரு துண்டு ஜிப்சம் கெடந்தாப் போதும், மொத்த லோடும் திருப்பி வந்துருமுங்க. நாலு தடவ ஒரே லோடு போயிட்டுப் போயிட்டு வந்துச்சு."

"தளத்துலயே பிரிக்கச் சொல்லியிருக்கலாமே."

"யாரச் சொல்றதுங்க? ஓடு ஒட்டுறவன் தன்னோடது இல்லம்பான். கரண்டுக்காரன் அவனோடது இல்லம்பான். ஒவ்வொருத்தனும் ஒரு உள்குத்தகை. வாரத்துக்கு ஒரு புது ஆளுக, ஆறு பாசை. போன வாரம் சொல்லிக் குடுத்தவன் இந்த வாரம் இருக்க மாட்டான். கல்ல அரைச்சு அதே கட்டடத்துக்குப் போடலாம்னு கேட்டேன். வரைபடத்துல 'புதுக் கல் மட்டும்'னு போட்டிருக்காங்க, எஞ்சினீயர் கையெழுத்து வெக்க மாட்டேன்னுட்டாரு. ஏரியில கொட்ட முடியாது, கல்லு பேசும். அப்ப மிச்சம் ஒரே ஒரு எடம்தானுங்க. எங்க கொட்டுனா கல்லு பேசுனாலும் குத்தமில்லையோ, அங்க."

சுகிர்தாவுக்குப் புரிந்தது. ஒன்பதாம் விதி. 'கட்டடத்தின் சொந்த எல்லைக்குள் கிடக்கும் இடிபாடு கழிவாகக் கருதப்படாது.' அதை எழுதியது அவள்தான். ஓரறை வீட்டில் உடைந்த செங்கல்லைப் போட்டுத் தரையை நிரவிக்கொள்ளும் ஒருத்தி தண்டனை வாங்கிவிடக் கூடாதே என்று, குழுவில் சண்டை போட்டுச் சேர்த்த ஒரு வரி.

"மேலிடத்துக்கு எழுதியிருக்கலாமே," என்றாள். குரல் இறங்கியிருந்தது.

மகுடேஸ்வரன் பையிலிருந்து தொலைபேசியை எடுத்து எதையோ தேடி அவளிடம் நீட்டினார். பதினோரு கடிதங்கள். கம்பெனிக்கு ஏழு, மாநகராட்சிக்கு மூன்று. கடைசிக் கடிதம் மூலப்பாக்கம் வாசிப்பு நிலையத்துக்கு. இடமில்லை, கூடம் எடுக்க மறுக்கிறது, என்ன செய்வது என்று தயவுசெய்து சொல்லவும் என்று இரண்டு பக்கம். கீழே பதில் ஒரே வரி: 'விதிப்படி செய்யவும். சுகிர்தா.'

அந்தக் கடிதம் வந்ததே அவளுக்கு நினைவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம்," என்றார் அவர். "அந்தப் பதினொண்ணுல பதில் போட்டது நீங்க ஒருத்தர்தான்."

அன்றே துணை இயக்குநருக்குத் தொலைபேசினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். "எல்லைக்குள்ள இருந்தா அது கழிவே இல்ல சுகிர்தா. நீங்க எழுதின விதிதானே? நம்ம துறைக்கு இதுல அதிகாரம் கிடையாது. நாத்தம்னா சுகாதாரத் துறைக்கு எழுதுங்க." சுகாதாரத் துறையில் புகார் எண் கொடுத்தார்கள், பார்வையிட வர பதினான்கு வாரம். தீயணைப்புத் துறையினர் வந்தார்கள். அவர்கள் வரும் செய்தி கேட்டு யாரோ காலையிலிருந்தே காற்றாடிகளை ஓடவிட்டிருந்தார்கள். அளவு இயல்பு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஓடவிட்டது குடியிருப்போர் சங்கச் செயலாளர் திருவேங்கடம். அதை அவரே சுகிர்தாவிடம் சொன்னார். "ஏழு வருசம் தகரத்துக்குக் கீழ வெந்தோம் மேடம். எங்கம்மா அங்கதான் செத்துச்சு. இப்ப உங்க மிசினு பீப் பீப்னுதுன்னு திரும்ப அங்க போவணுமா? தோண்டுனா எத்தினி வருசம் ஆவும், நீங்க சொல்லுங்க." அன்று முதல் தரைத்தளத்துப் பெண்கள் தனக்கோடியோடு பேசுவதை நிறுத்தினார்கள். அவள் தண்ணீர் பிடிக்கப் போனால் குழாயடி காலியானது.

கடைசி வாரம். நிலையத்தில் சுகிர்தா தனியாக உட்கார்ந்து விதிப் புத்தகத்தை முதலிலிருந்து படித்தாள். எந்தக் கதவைத் தட்டினாலும் யாரோ ஒருவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கையெழுத்து வேண்டாத கதவு ஒன்றே ஒன்றுதான். அந்த இடிபாடு ஏரிக்கு வரவேண்டும். அரை டன் வந்தால் போதும். கம்பங்கள் பதிவு செய்துவிடும், ஒன்பதாம் விதி செல்லாமல் போகும், அதன்பிறகு துணை இயக்குநராலும் தடுக்க முடியாது. ஏரியில் கொட்டியவருக்கு வேலை போகும், சிறைகூட உண்டு. அதுவும் அவள் எழுதியதுதான்.

வியாழக்கிழமை காலை வேம்புலிக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனாள். தனக்கோடியிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இது நடந்தா முந்நூறு குடும்பமும் வெளிய போகணும். நீங்களும். திரும்பி வர முடியுமான்னு எனக்குத் தெரியாது. உங்க மேலதான் எல்லார் கோபமும் இருக்கும். நீங்க வேணாம்னா நான் இப்பவே போயிடறேன்."

தனக்கோடி சுவர்ப் பக்கம் திரும்பினாள். பக்கத்துப் பால்வாடியில் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"அவரு போன் வெச்சப்ப நான் சிரிச்சேன்க்கா," என்றாள். "நாத்தம் போயிடுச்சின்னு சந்தோசம். இனிமே இன்னொருத்தி அப்பிடிச் சிரிக்கக் கூடாது. கடப்பாரை எங்க கீது?"

காற்றாடிகளை ஓடவிட்டு, முகமூடி போட்டு, பம்ப் அறைச் சுவரின் விரிசலைப் பெரிதாக்கினார்கள். உள்ளேயிருந்து சொதசொதவென்று சரிந்த இடிபாட்டைச் சாக்கில் அள்ளினார்கள். ஒரு சாக்கு முப்பது கிலோ. காரில் ஒரு நடைக்கு ஐந்து. ஏரிக்கரையில் முதல் சாக்கைச் சுகிர்தா சாய்த்தாள். கூழைக்கடாக்கள் இரண்டு தண்ணீரிலிருந்து எழும்பி அப்பால் போய் அமர்ந்தன. இத்தனை வருடம் அவள் காத்த தண்ணீர் சுண்ணாம்பாகக் கலங்கியது.

இரண்டு நடை. முந்நூறு கிலோ. மூன்றாம் நடைக்குத் திரும்பியபோது பம்ப் அறை வாசலில் புதுப் பூட்டுத் தொங்கியது. எதிரே திருவேங்கடமும் பத்துப் பேரும்.

"போலீசுக்குச் சொல்ல மாட்டோம் மேடம்," என்றார் அவர். "போயிடுங்க. தனக்கோடி, நீயும் எங்கனா போயிடு. நல்லதுக்குச் சொல்றேன்."

அன்றிரவு தனக்கோடி சுகிர்தாவின் அறையில் படுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்குக் கம்பங்களைப் பிடுங்க ஆட்கள் வருவார்கள். திரையில் எண் அசையவே இல்லை: 300. அரை டன்னுக்குக் குறைந்தால் அது வீட்டுக் குப்பை. கேட்பாரில்லை. நண்பகல் கழிந்தது. சுகிர்தா மேஜை இழுப்பறைகளைக் காலி செய்தாள். செய்த குற்றமும் வீணாகப் போயிற்று என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. தனக்கோடி வாசல்படியில் உட்கார்ந்து கிரேன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றரை மணிக்கு அவள்தான் முதலில் எழுந்தாள்.

"அக்கா. லாரி ஒண்ணு வருது."

பகலில் இடிபாட்டு லாரிக்கு அனுமதி கிடையாது. அது நேராகக் கரைக்கு வந்து, பின்பக்கத்தைத் தண்ணீருக்குத் திருப்பி நின்றது. ஓட்டுநர் கதவைத் திறந்து இறங்கியவர் மகுடேஸ்வரன். மஞ்சள் தொப்பி இல்லை. தலை முழுக்கச் சுண்ணாம்பு.

"நீங்க முன்னால பக்கமாப் போயிருக்கீங்க மேடம்," என்றார். "பின்னால சாய்தளத்துல ஒரு பொய்ச்சுவர் இருக்குதுங்க. வெறும் பலகைதான். நானே வெச்சது. பூட்டு கெடையாது."

"நேத்து நடந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"செயலாளர் கம்பெனிக்குப் போன் பண்ணியிருக்காரு. கம்பெனி எனக்குப் பண்ணுச்சு, ஓட்டைய அடைச்சுட்டு வான்னு." அவர் லாரியைத் திரும்பிப் பார்த்தார். "அடைக்கத்தான் போனேனுங்க. மேல கொழந்தைக எண்ணிட்டிருந்துச்சு."

"உரிமம் போயிடும் மகுடேஸ்வரன். ஜெயில்கூட வரும்."

"தெரியுமுங்க. விதிப் புத்தகம் எனக்கு மனப்பாடம்."

லாரிகளுக்கான சட்டப்படி, கொட்டுமுன் ஓட்டுநர் தன் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் தொட்டி எழும்பாது. அவர் கதவோரத்து ஒலிவாங்கியில் தன் முழுப்பெயரையும் ஊரையும் தெளிவாகச் சொன்னார். தொட்டி எழும்பியது. ஆறு டன்னும் ஒரே சரிவாக ஏரிக்குள் இறங்கியது. அலை கரையைத் தொட்டுத் திரும்புவதற்குள் பதினெட்டுக் கம்பங்களிலும் சிவப்பு விளக்கு எரிந்தது.

ஒரு மணி நேரத்தில் சான்று முடங்கியது. பதினோரு நாளில் வேம்புலி காலியானது. எல்லோரும் மறுபடி கொட்டகைக்குப் போனார்கள். திருவேங்கடம் கடைசி ஆளாகத் தொலைக்காட்சிப் பெட்டியைச் சுமந்துகொண்டு வெளியேறினார். போகிற போக்கில் தனக்கோடியின் பக்கம் காறித் துப்பினார். தோண்டுவதற்கு இரண்டு வருடமாவது ஆகும் என்றார்கள். கீழ்த்தளத்தை முதலில் திறந்த நாளன்று, கருவி மாட்டிய ஆட்களையே பின்வாங்கச் சொல்லும் அளவுக்கு வாயு இருந்தது. அதன்பிறகுதான் மற்ற விருதுக் கட்டடங்களிலும் பழைய எண்களைத் தேடிப் பார்க்க ஆணை வந்தது. முதல் வாரத்தில் தேடியவை ஒன்பது. ஏழில் குரல் வந்தது. ஏகாம்பரத்தின் இறப்புச் சான்றில் 'நெஞ்சு வலி' என்பதை அடித்துவிட்டு வேறு எழுதிக் கொடுத்தார்கள். தனக்கோடி அதை வாங்கி, படிக்காமல் மடித்து வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்டில் சுகிர்தாவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நீளமான அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள், இந்தப் பக்கம் ஒரு நாற்காலி. தனியாகச் செய்தேன், மற்ற இருவரையும் நான்தான் ஏமாற்றி வரவழைத்தேன் என்று சொல்ல அவள் தயாராக வந்திருந்தாள். வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழகியிருந்தாள்.

நடுவில் இருந்தவர் கோப்பைப் புரட்டினார்.

"இதை நீங்க தனியாத்தான் செஞ்சீங்களா?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் கையை உயர்த்தினார்.

"சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு. காலையிலேர்ந்து ரெண்டு பேர் வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காங்க. சம்மன் அனுப்பல. தாங்களா வந்திருக்காங்க. ரெண்டு பேருமே, தான் ஒருத்தர்தான் பண்ணினதா எழுதிக் கொடுத்திருக்காங்க."

சுகிர்தா திரும்பிப் பார்த்தாள். கதவின் கண்ணாடி வழியே பெஞ்சின் ஒரு முனை தெரிந்தது. தனக்கோடி ஒரு தூக்குவாளியை மடியில் வைத்திருந்தாள். மகுடேஸ்வரன் அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் மூடியைத் திறந்து அவருக்கு டீ ஊற்றினாள். நடுவில் ஒரு டம்ளர் தனியாக இருந்தது.

"தனியாவா?" என்று மறுபடி கேட்டார் அதிகாரி.

"இல்ல," என்றாள் சுகிர்தா.